பதினோராயிரம் அடி

1943 ஜூன் 7, திங்கள். கோயமுத்தூர்

காலையில் செட்டியார் ஆள் அனுப்பியிருந்தார். தோசையைப் பாதியில் விட்டுவிட்டு ஸ்டூடியோவுக்கு ஓடினேன். படத்துக்கு முதலாளியான வயிரவன் செட்டியார் தேவகோட்டைக்காரர். கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் உயரும், அவருக்குத் தாழும். இன்று காதைக் கிட்டே கொண்டுபோய்த்தான் கேட்க வேண்டியிருந்தது.

"சர்க்கார்ல சலுகை கெடையாதுன்னுட்டான் பிள்ளைவாள். யுத்தம் முடியற வரைக்கும் எந்தப் படமும் பதினோராயிரம் அடியைத் தாண்டப்படாது. ஒங்க கதை எம்புட்டு வருது?"

"பதினாறாயிரம் வரும்."

"வெட்டுங்க."

அவ்வளவுதான் பேச்சு. காபி கூடச் சொல்லவில்லை.

முதலில் பத்திரிகையில் உதவி ஆசிரியன், பிறகு நாடகக் கம்பெனியில் வாத்தியார், இப்போது டாக்கிப் படத்துக்குக் கதை வசனம். மூன்று பிழைப்பிலும் கடைசியில் என் கையில் கொடுக்கப்படுவது கத்தரிக்கோல்தான். மற்றவர்கள் எழுதியதை வெட்டும்போது எனக்குக் கை நடுங்கியதே இல்லை. 'சாத்தாத கதவு' நான் எழுதியது. தமிழ்நாட்டில் கொட்டகை இருந்த ஊரிலெல்லாம் அது ஆடியிருக்கிறது. நெசவாளி வீட்டுப் பையன் ஒருவன் அநியாயத்தை எதிர்த்து எழுதிச் சிறைக்குப் போகிறான். அவன் தாய் வாசற்கதவைச் சாத்தாமல் காத்திருக்கிறாள். கதை இவ்வளவுதான். ஜனங்கள் கதைக்காக வரவில்லை, கோர்ட்டில் பையன் பேசும் பேச்சுக்காக வந்தார்கள். முடிவெட்டும் கடையில் கூட அதை ஒப்பிப்பார்கள். அந்தப் பெருமை எனக்கு உண்டு, இல்லை என்று சொன்னால் பொய்.

ஜூன் 9, புதன்

தாய் வேஷத்துக்கு அபரஞ்சி கும்பகோணத்திலிருந்து வந்து சேர்ந்தாள். ஸ்டேஷனுக்குப் போக ஸ்டூடியோவில் ஆள் இல்லை என்றார்கள். ஆள் இருக்கிறதா என்று நான் ரொம்பவும் தேடவில்லை. வண்டிக்காரர் சென்னியப்பனின் ஜட்காவை அமர்த்திக்கொண்டு நானே போனேன். ரயில் தாமதம்.

இறங்கியதும் முதல் கேள்வி, "என்ன வாத்தியாரே, இப்படி இளைச்சிட்டீங்க?" நாடகக் கம்பெனியில் எழுதுகிறவனுக்கு வாத்தியார் என்றுதான் பெயர். கம்பெனி கலைந்து ஆறு வருஷமாகிறது. அதற்குப் பிறகு என்னை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை.

"மெஸ் சாப்பாடு" என்றேன்.

"பொய். மெஸ்ஸுல சாப்பிடறவங்க ஊதுவாங்க."

காதோரம் நரைத்திருக்கிறது. குரல் அப்படியே இருக்கிறது. வழியெல்லாம் பழைய கம்பெனிக்காரர்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தாள். ஹார்மோனியக்காரர் திருச்சியில் மருந்துக் கடை வைத்திருக்கிறாராம். ராஜபார்ட் வேஷம் போட்ட ஆள் இப்போது கோயில் மணியக்காரர். நாங்கள் சிரித்த சிரிப்பில் சென்னியப்பன் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

ஜூன் 10, வியாழன்

முகச்சவரம் செய்துகொண்டேன். நாளைதான் முறை. வெயிலுக்கு அரிக்கிறது.

ஜூன் 14, திங்கள்

வெட்டிக்கொண்டிருக்கிறேன். ஹாஸ்யக் காட்சிகள் எல்லாம் போயின. தங்கையின் கல்யாணம் போயிற்று. கனவுக் காட்சி போயிற்று. அது போனதில் எனக்கே நிம்மதி.

ஜார்ஜ் டவுனில் எங்கள் பத்திரிகை ஆபீஸ் ஒரு அரிசி மண்டிக்கு மாடியில் இருந்தது. கீழே மூட்டை இறக்கினால் மேலே அச்செழுத்துப் பெட்டிகள் குலுங்கும். எங்கள் ஆசிரியர் ஒரு வழக்கம் சொல்லிக்கொடுத்தார். செய்தியை எழுதும்போதே முக்கியமானதை மேலே வை, அப்புறம் இடம் போதாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு வாலை வெட்டலாம். வெள்ளம், கொலை, முனிசிபல் தேர்தல், எல்லாவற்றுக்கும் வாலை வெட்டினோம். மை வாசனையும் கீழேயிருந்து வரும் புழுங்கல் அரிசி வாசனையும் கலந்து அடிக்கும். இன்றைக்கும் மெஸ்ஸில் அரிசி வேகும்போது கை தானாகப் பென்சிலைத் தேடுகிறது.

நாடகத்தில் இந்த வித்தை பலிக்காது. முக்கியமானதெல்லாம் வாலில்தான் இருக்கிறது.

ஜூன் 20, ஞாயிறு

அபரஞ்சி மெஸ்ஸுக்கு வந்தாள். பாடம் சரி பார்க்க என்றாள். அவளுக்கு எல்லாம் மனப்பாடம், என்ன சரி பார்ப்பது? நானும் கேட்கவில்லை. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து வெல்லக் காபி குடித்தோம்.

"எவ்வளவு மிச்சம் இருக்கு எனக்கு?" என்றாள்.

உண்மையைச் சொன்னேன். ஒரே ஒரு காட்சி. போலீஸார் மகனை அழைத்துப் போகிறார்கள், தாய் வாசலில் நிற்கிறாள்.

"அது ஒண்ணு போதும். நாடகத்துலயும் எனக்கு அதுதானே?" டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "செட்டியார் சொல்லியிருக்கார். இதுல நல்லா வந்தா அடுத்த படத்துலயும் வெச்சுக்கிறாராம். இங்கயே ஒரு ஜாகை பார்த்துக்கலாம்னு இருக்கேன். இல்லேன்னா கும்பகோணம்தான். அக்கா வீட்டுல எல்லாரும் மரியாதையாத்தான் நடத்தறாங்க. ஆனா என்னோட பேசறதுக்கு அங்க ஆள் இல்லை வாத்தியாரே" என்றாள்.

நல்லா வரும், கவலைப்படாதீங்க என்றேன். முதல் நாடகத்துக்கு முன்பும் இதையேதான் சொன்னேன்.

அவளை முதன்முதல் பார்த்தது பத்திரிகைக்காரனாக. கும்பகோணத்தில் முனிசிபல் கூட்டத்தைப் பற்றி எழுத அனுப்பினார்கள். நல்ல மழை, கூட்டம் ஒத்திப்போடப்பட்டது. ஒதுங்க இடமில்லாமல் நாடகக் கொட்டகைக்குள் போனேன். கீற்றுக் கூரை ஒழுகுகிறது, ஜனங்கள் குடைபிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். மேடையில் ஒரு பெண் பாடாமல் ஆடாமல் வெறுமனே பேசிக்கொண்டிருந்தாள். மழைச் சத்தத்துக்கு மேல் ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. ஆட்டம் முடிந்ததும் உள்ளே போய், நன்றாகப் பேசினீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். முனிசிபல் செய்திக்குப் பதில் நாடக விமர்சனம் எழுதி அனுப்பி, ஆசிரியரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தக் குரலுக்கு நல்ல வசனம் வேண்டும் என்றுதான் நாடகம் எழுத ஆரம்பித்தேன். கலைமேல் உள்ள ஆர்வம், வேறென்ன. என் மனைவி கல்யாணமான மறுவருஷமே காலராவில் போய்விட்டாள். பொழுதும் நிறைய இருந்தது.

ஜூலை 2, வெள்ளி

இன்று அபரஞ்சியின் காட்சி. நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

டைரக்டர் பானர்ஜி கல்கத்தாக்காரர். தமிழில் அவருக்குத் தெரிந்தது மூன்று வார்த்தை: நல்லா, வேணாம், மறுபடி. வசனத்தை நான் பக்கத்தில் நின்று இங்கிலீஷில் சொல்வேன், அவர் முகங்களைப் பார்த்தே படம் எடுப்பார். கதாநாயகன் ரங்கமணியைப் போலீஸ் வேஷக்காரர்கள் இழுத்துப் போனார்கள். அபரஞ்சி வாசற்படிக்கு வந்தாள். மைக் இருக்கிறது, கத்த வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். கத்தவில்லை.

"நீ திரும்பி வர்ற வரைக்கும் இந்தக் கதவைச் சாத்த மாட்டேன்டா. போ."

காட்சி அதோடு முடிய வேண்டும். திரும்பி உள்ளே போக வேண்டும். அவள் போகவில்லை. கதவில் கையை வைத்தபடி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். காமிரா ஓடிக்கொண்டிருக்கிறது.

எனக்குப் புரிந்துவிட்டது. நாடகத்தில் இந்த வரிக்குக் கொட்டகையே அதிரும். கைதட்டல் அடங்கும்வரை நின்றால்தான் அடுத்த பேச்சு காதில் விழும். ஊர் ஊராக அப்படி நின்ற உடம்பு, இங்கே கைதட்ட ஆளில்லை என்பது அதற்குத் தெரியவில்லை. மேக்கப்காரர் பழைய கம்பெனி ஆசாமி, அவருக்கும் புரிந்துவிட்டது. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

பானர்ஜி மட்டும் அசையவில்லை. அவர் கண்ணில் தண்ணீர். கடைசியில் அவள் தானாக உணர்ந்து உள்ளே போனதும் என் தோளைப் பிடித்து உலுக்கி, "நல்லா! நல்லா! நல்லா!" என்றார். இப்படி ஒரு மௌனத்தை ஸ்க்ரீனில் பார்த்ததே இல்லை, இதை எழுதினதற்காக உன்னைப் பாராட்டுகிறேன் என்று இங்கிலீஷில் சொன்னார். இது மௌனமில்லை, பழக்கதோஷம் என்று நான் எப்படிச் சொல்வது? தாங்க்யூ என்றேன்.

செட்டியார் காதைக் கடிக்கிற தூரத்துக்கு வந்து, "நட்டுவெச்ச கம்பம் மாதிரி நிக்குதே அந்தம்மா. பிலிம் என்ன கொளத்துத் தண்ணியா?" என்றார்.

ஜூலை 3, சனி

மறுபடி எடுக்கப் பிலிம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அபரஞ்சி தலைவலி என்று வெளியே வரவில்லை. சுக்கு வாங்கிக் கொடுத்தனுப்பினேன்.

ஜூலை 5, திங்கள்

இன்று கோர்ட் காட்சியும் முடிந்தது. ரங்கமணி என் பேச்சைப் பேசி முடித்ததும் விளக்குப் பிடிக்கிறவர்கள்கூடக் கைதட்டினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், உச்சி குளிர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 9, திங்கள்

ஆடிக் காற்று. எடிட்டிங் அறைக்குள்ளும் புழுதி.

எல்லாம் ஒட்டிப் பார்த்தாகிவிட்டது. இன்னும் அதிகமாக இருக்கிறது. கதை கெடாமல் வெட்டக்கூடியது இரண்டே இரண்டு. தாய் வாசலில் நிற்கும் காட்சி, அல்லது கோர்ட்டில் என் பேச்சு. பேச்சை எடுத்தால் நீதிபதி தீர்ப்பை மட்டும் வாசித்து முடித்துவிடலாம். வாசற்படிக் காட்சியை எடுத்தால், குறைக்க வேண்டிய மிச்ச அடியை வேறு எங்காவது சுரண்டிக்கொள்ளலாம்.

செட்டியாருக்கு யோசனையே இல்லை. "அந்தம்மாவைத் தூக்குங்க. பேச்சுக்காகத்தானே கூட்டம் வரும்? நோட்டீசுலயும் அதைத்தானே போட்டிருக்கோம்? அடுத்த படத்துக்கு வேற ஆச்சி யாரையாச்சும் பார்ப்போம்."

பானர்ஜி, "வேணாம், வேணாம்" என்று கத்தினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செட்டியார் என் முகத்தைப் பார்த்தார். என் பேச்சு, நான் சந்தோஷப்படுவேன் என்று எதிர்பார்த்தார். நியாயம்தான்.

நான் சொன்னேன்: "பேச்சை சென்சார் விடமாட்டான் செட்டியாரே."

"என்னாங்கிறீக?"

"யுத்த காலம். கோர்ட்டில் நின்னு சர்க்காரைக் கேள்வி கேக்கறான். பத்திரிகையில் இருந்தவன் நான், அவங்க புத்தி எனக்குத் தெரியும். பேச்சை மட்டும் வெட்டச் சொன்னாப் பரவாயில்லை. படத்தையே நிறுத்திட்டா?"

செட்டியார் முகம் வெளிறிப்போனது. அந்தப் பேச்சில் வருவது ஒரு கற்பனை ராஜ்யத்துச் சர்க்கார். பட்டாளத்துக்காரர்கள் முன் வரிசையில் உட்கார்ந்து பார்த்த நாடகம் அது. அவருக்கு இது தோன்றவில்லை, பயம் வந்தால் எதுவும் தோன்றாது.

"எடுத்துடுங்க" என்றார், மிகவும் மெதுவாக.

வாழ்க்கையில் நான் எழுதியவற்றிலேயே உயர்ந்தது அதுதான். கத்தரிக்கோல் பிடிக்கும் ஆள் அதைச் சுருட்டி ஒரு தகர டப்பாவில் போட்டார். 

ஒரு சிறந்த நடிகையின் பிழைப்பைக் கெடுக்கக்கூடாது என்பதற்காகத்தான் செய்தேன். யாராக இருந்தாலும் செய்திருப்பேன்.

ஆகஸ்ட் 10, செவ்வாய்

சாப்பாடு இறங்கவில்லை. மெஸ் அம்மாள், "ஏனுங்க, ரசம் புடிக்கலீங்களா?" என்றாள்.

ஆகஸ்ட் 12, வியாழன்

பேச்சு போனது ரங்கமணிக்குத் தெரிந்துவிட்டது, சென்சார் வெட்டியதென்று செட்டியார் சொல்லியிருக்கிறார். ஸ்டூடியோ வாசலில் என்னை நிறுத்தி, "உங்க பேச்சைப் பேசி நானும் நாலு பேருக்குத் தெரிஞ்சவனாகலாம்னு இருந்தேன், மண்ணை அள்ளிப் போட்டானே சென்சார்க்காரன்" என்று அழாக்குறையாகச் சொன்னான். நல்ல பையன். அவனிடம் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.

நவம்பர் 12, வெள்ளி

படம் வெளியாகிவிட்டது. மாட்னி காட்சிக்கு அபரஞ்சியும் நானும் போனோம். நல்ல கூட்டம். தறிக்காரர்கள், மில்காரர்கள், குடும்பம் குடும்பமாகப் பெண்கள். பழைய நாடகத்தைப் பார்த்தவர்கள் பாதிக்கு மேல் இருப்பார்கள். கொட்டகையில் அடிக்கும் பீடி வாசனையும் மல்லிகைப்பூ வாசனையும் பழைய நாட்களைக் கிளப்பிவிட்டன. எனக்கு முப்பது வயது குறைந்தது போலிருந்தது.

வாசற்படிக் காட்சி வந்தது. "கதவைச் சாத்த மாட்டேன்டா. போ." கைதட்டல் எழுந்தது. அவள் நின்றாள். கைதட்டல் அடங்கியது. திரையில் அவள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள். பானர்ஜி சொன்னது பொய்யில்லை. அவ்வளவு பெரிய முகத்தில் அவ்வளவு அமைதியை நானும் பார்த்ததில்லை. கொட்டகையில் ஒரு குழந்தை கூட அழவில்லை.

அடுத்தது கோர்ட். ஜனங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நீதிபதி தீர்ப்பை வாசித்தார், அத்தோடு காட்சி முடிந்துபோயிற்று.

முதலில் ஒரு விசில். பிறகு, "பேச்சு எங்கடா?" என்று தரை டிக்கெட்டிலிருந்து ஒருவன் கத்தினான். "ரீலை முழுங்கிட்டியா?" என்று ஆபரேட்டரைத் திட்டினார்கள். முன் வரிசையில் ஒருவன் எழுந்து நின்று பேச்சை ஆரம்பத்திலிருந்து தானே ஒப்பிக்கத் தொடங்கினான், சுற்றியிருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு படத்தை யாரும் பார்க்கவில்லை. நான் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டேன்.

ஜட்காவில் ஏறி உட்கார்ந்ததும் அபரஞ்சி என் பக்கம் திரும்பினாள்.

"யாரு எடுத்தது அதை?"

"சென்சார்."

"எங்கிட்டயுமா?" என்றாள். "போலீஸ்காரங்க காசு குடுத்து டிக்கெட் வாங்கிக் கேட்ட பேச்சு அது. யாரு எடுத்தது?"

சொல்லிவிட்டேன். இரண்டில் ஒன்று என்ற நிலைமையையும், செட்டியார் அவளைத் தூக்கச் சொன்னதையும், நான் அவரைப் பயமுறுத்தியதையும் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேனோ என்னவோ.

அவளுக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. "உங்களை யாரு கேட்டா? என்னைக் கேட்டீங்களா ஒரு வார்த்தை? நான் எதுக்காக அங்க நின்னேன்னு நினைச்சீங்க?"

"கைதட்டுக்கு. பழக்கதோஷம்."

"கைதட்டா!" சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு அப்புறம் யாரு பேசுவா மேடையில? பையன், மேடைக்கு அந்தப் பக்கம் கோர்ட்டுல நின்னு. அது யாரு எழுதினது? கைதட்டு அடங்கி அந்தப் பேச்சோட முதல் வார்த்தை காதுல விழற வரைக்கும் நிப்பேன். மேடையில நான் நிக்கற பக்கத்து விளக்கை அணைச்சதும் உள்ள போயிட்டேன்னு நினைச்சீங்களா? அந்த இருட்டுலயே நின்னு முழுசும் கேட்டுட்டுத்தான் போவேன். ஒரு நாள் விட்டதில்லை. அன்னிக்கு ஸ்டூடியோவுலயும் காது அதைத்தான் தேடிச்சு. அதையா வெட்டினீங்க எனக்காக?"

சென்னியப்பன் குதிரையை ஓட்டிக்கொண்டே இருந்தார். 

நவம்பர் 13, சனி

செட்டியார் கூப்பிட்டனுப்பினார். எல்லா ஊரிலிருந்தும் தந்தி. பேச்சில்லாத படத்தை யார் பார்ப்பார் என்று கொட்டகைக்காரர்கள் கேட்கிறார்களாம். அடுத்த படம் இல்லை. பானர்ஜி கல்கத்தா போகிறார். போவதற்கு முன் என் கையைப் பிடித்து "நல்லா" என்றார், எதைச் சொன்னார் என்று தெரியவில்லை.

அபரஞ்சி நாளைப் பகல் பாசஞ்சரில் ஊருக்குப் போவதாக மெஸ் அம்மாளிடம் சொல்லியனுப்பியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை.

நவம்பர் 14, ஞாயிறு

ஸ்டேஷனுக்குப் போனேன். இந்தத் தடவை ஸ்டூடியோவில் ஆள் இல்லை என்று எழுதிக்கொள்ள முடியாது. ஸ்டூடியோவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பெட்டியை உள்ளே வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தாள். கோபம் போயிருந்தது. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

"நேத்து கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன்" என்றாள்.

"முந்தாநாள்."

"ஆமா, முந்தாநாள். பத்திரிகைக்காரர், தேதி தப்பாது." வெற்றிலைப்பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "உடம்பைப் பார்த்துக்குங்க. ரெண்டு வேளையாவது ஒழுங்காச் சாப்பிடுங்க."

நாலு ஊர்க் கூட்டத்தை எழுந்து நிற்கவைத்த வசனம் எழுதியவன் நான். மெஸ்ஸிலிருந்து வரும் வழியெல்லாம் ஒரு வசனம் தயார்செய்துகொண்டே வந்தேன். நம் வயது, கலைக்கு நாம் செய்த பணி, தனிமை, எல்லாம் அதில் இருந்தன. நல்ல வசனம்தான். அவளெதிரில் நின்றபோது அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது. கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது.

"போகாதீங்க" என்றேன்.

என்னையே பார்த்தாள். தண்ணீர்க் குழாயடியில் குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தன. போர்ட்டர் ஒருவன் எங்கள் நடுவே புகுந்து போனான்.

"இந்த ஒரு வார்த்தைக்கா" என்றாள், "அவ்வளவு பிலிமை வெட்டினீங்க?"

"ஆமாம்."

"இதை அந்த மழை நாள்லயே சொல்லியிருந்தா ஒரு நாடகம்கூட எழுதியிருக்க வேண்டாமே வாத்தியாரே."

பிறகு வண்டிக்குள் ஏறினாள். போய்விட்டாள் என்றே நினைத்தேன். ஜன்னல் வழியாகப் பெட்டியை என் கையில் தள்ளினாள். கனத்துக்கு நான் விழப்பார்த்தேன்.

வெளியே சென்னியப்பன் பெட்டியைப் பார்த்து, பெட்டிக்குப் பின்னால் வந்த அபரஞ்சியைப் பார்த்து, "ஏனுங்க, ரயிலு போயிருச்சுங்களா?" என்றார்.

"போயிருச்சு" என்றேன்.

ரயில் இன்னும் பிளாட்பாரத்தில்தான் நின்றுகொண்டிருந்தது.